முட்டைக்குள் ஒரு முழு ஒர்க்‌ஷாப்! – கார்ல் ஃபாபெர்ஜே வாழ்க்கை



ஒரு பெட்டி செய்ய எத்தனை தொழில் தெரிந்திருக்க வேண்டும்? கேட்டால் சிரிப்பீர்கள். பெட்டிதானே, நாலு பக்கம் பலகை, மேலே ஒரு மூடி, ரெண்டு கீல், முடிஞ்சது வேலை என்பீர்கள். ஆனால் பெட்டி செய்தே உலகப் புகழ் அடைந்த ஒரு மனிதர் இருந்தார். அவர் செய்த பெட்டிகளில் பல உள்ளங்கையில் அடங்கும். அவற்றிலும் பெயர் பெற்றவை முட்டை வடிவப் பெட்டிகள். நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அவற்றை ஏலத்தில் எடுக்கக் கோடி கோடியாகப் பணம் கொட்டுகிறார்கள். தங்கத்துக்காகவா? இல்லை. தங்கத்தின் எடை போட்டால் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதி எல்லாம் வேலைக்குக் கிடைக்கும் விலை!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். லாரி லாரியாக ஸ்கிராப் வந்து இறங்குகிறது. உருக்காலைக்கு அது எடைதான். யார் கடைந்தது, யார் பொருத்தியது என்று உலைக்குத் தெரியாது. ஒரு பொருளுக்கு எடையின் விலை ஒன்று, கைவேலையின் விலை ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிய வாழ்க்கைதான் பீட்டர் கார்ல் ஃபாபெர்ஜேயின் வாழ்க்கை.

கடைக்காரர் மகன்

ஃபாபெர்ஜே 1846ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி ரஷ்யாவின் அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். மூதாதையர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மத நெருக்கடியால் நாட்டை விட்டு வெளியேறியவர்கள். தந்தை குஸ்தாவ் 1842இல் அந்த நகரில் ஒரு சிறிய நகைக்கடையைத் தொடங்கினார். பெரிய மாளிகை எல்லாம் கிடையாது, தரைக்குக் கீழே இருந்த ஒரு கடை.

1860இல் தந்தை கடையை நம்பிக்கையானவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்துடன் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போய்விட்டார். கார்ல் அங்கே வணிகப் பள்ளியில் படித்தார். பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழகினார். நம் பாஷையில் சொன்னால் அப்ரென்டிஸ்! ஐரோப்பாவின் பல நகரங்களுக்குப் போய் அருங்காட்சியகங்களைப் பார்த்தார். டிரெஸ்டனில் அரச கருவூலத்தில் இருந்த பழைய கலைப்பொருள்கள் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தன.

கவனியுங்கள் நண்பர்களே. பெரிய பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இவருக்கு இல்லை. கொஞ்சம் வகுப்பறை, நிறைய பட்டறை, கண் நிறையப் பார்த்த பொருள்கள், இவ்வளவுதான். டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் இந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேர் வேலையே பாடம்

ஊர் திரும்பிய கார்ல் தந்தையின் கடையில் சேர்ந்தார். 1872இல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் அவர் செய்த ஒரு காரியத்தை நாம் மறக்கவே கூடாது. ஹெர்மிடேஜ் என்ற புகழ்பெற்ற அரச அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த பழைய தங்கப் பொருள்களைப் பழுது பார்க்கவும் பட்டியலிடவும் சம்பளம் இல்லாமல் உதவினார். ஆண்டுக்கணக்கில்!

வெட்டி வேலை என்று அன்றைக்குச் சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் பழைய பொருளைப் பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் அதைச் செய்தவனின் மூளை தெரியும். கீலை எங்கே ஒளித்தான், எந்த இணைப்பை முதலில் பற்றவைத்தான், தகடு எத்தனை மெல்லியது, எல்லாம் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சித்தியர் காலத்துத் தங்க நகைகளைப் பார்த்து அதேபோலச் செய்து, 1882இல் மாஸ்கோவில் நடந்த அகில ரஷ்யக் கண்காட்சியில் வைத்தார்கள். தங்கப் பதக்கம் கிடைத்தது. தம்பி அகத்தோனும் அந்த ஆண்டு அண்ணனோடு சேர்ந்துகொண்டார்.

ஜார் மன்னரிடம் ஒரு பழைய பிரெஞ்சு மூக்குப்பொடி டப்பா இருந்தது. அதைப் பார்த்து ஃபாபெர்ஜே பட்டறையில் செய்த டப்பாவையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எது எது என்று மன்னருக்கே தெரியவில்லை என்று சொல்வார்கள். டிராயிங் ஷீட்டில் காப்பி அடிப்பது வேறு, நண்பர்களே. இப்படிக் காப்பி அடிக்க அசலைச் செய்தவன் அளவுக்குக் கை தேறியிருக்க வேண்டும்!

1885: முதல் முட்டை

ரஷ்யாவில் ஈஸ்டர் திருநாளுக்கு முட்டை பரிசளிப்பது வழக்கம். ஏழை வீட்டில் சாயம் தோய்த்த கோழி முட்டை. அரண்மனையில்? 1885இல் ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் தன் மனைவி மரியாவுக்குக் கொடுக்க ஒரு முட்டை செய்யச் சொல்லி ஃபாபெர்ஜேயிடம் ஆர்டர் கொடுத்தார்.

வந்த பொருளைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெளியே வெறும் வெள்ளை முட்டை. உயரம் ஆறரை சென்டிமீட்டர்கூட இல்லை. உண்மையில் அது தங்க ஓடு. மேலே வெள்ளை எனாமல். திருகினால் திறக்கும். உள்ளே தங்க மஞ்சள் கரு. அதையும் திறந்தால் பல நிறத் தங்கத்தில் செய்த ஒரு கோழி, அதற்கு மாணிக்கக் கண்கள். அந்தக் கோழியையும் திறந்தால் உள்ளே ஒரு வைரக் கிரீடமும் மாணிக்கப் பதக்கமும் இருந்தன. கடைசி இரண்டும் இன்று தொலைந்துபோயின. கோழி பத்திரமாக இருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம். கடைசியில் ஒரு மோதிரம் வைப்பதாகத்தான் முதலில் திட்டம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மன்னர் பதக்கம் வேண்டும் என்று மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். கஸ்டமர் கடைசி நேரத்தில் டிசைனை மாற்றுவது நம் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை போலும்!

அரசிக்கு முட்டை மிகவும் பிடித்துவிட்டது. அன்று முதல் 1916 வரை அரச குடும்பத்துக்கு மட்டும் 50 ஈஸ்டர் முட்டைகள். ரஷ்ய–ஜப்பானியப் போர் நடந்த காலத்தில், 1904இலும் 1905இலும் மட்டும் இல்லை. நிபந்தனை இரண்டே இரண்டு: முட்டை வடிவம் இருக்க வேண்டும், உள்ளே ஓர் ஆச்சரியம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஃபாபெர்ஜே இஷ்டம்.

முதலில் தாள், பிறகு மெழுகு, அப்புறம்தான் தங்கம்

இனி நமக்கு வேண்டிய பகுதிக்கு வருவோம். இவ்வளவு விலையுள்ள பொருளில் நேரடியாகக் கை வைக்க முடியுமா? முடியாது. தப்பாக வெட்டிய தங்கத்தை உருக்கிவிடலாம். ஆனால் தப்பாகச் செதுக்கிய கல் போனது போனதுதான்.

அதனால் முதலில் வண்ண ஓவியம். டிசைனர் வரைந்ததைப் பட்டறைத் தலைவர்களோடு கூடிப் பேசுவார்கள். பிறகு தேவைப்பட்டால் மெழுகில் மாதிரி. இதற்குச் சரியான உதாரணம் 1907இல் நடந்தது. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு தன் சான்ட்ரிங்ஹாம் பண்ணையில் இருந்த குதிரை, நாய் முதலிய பிராணிகளைச் சிறு உருவங்களாகச் செய்யச் சொன்னார். ஃபாபெர்ஜே சிற்பிகளை நேரே பண்ணைக்கே அனுப்பினார். அவர்கள் பிராணிகளைப் பார்த்துப் பார்த்து மெழுகில் உருவம் பிடித்தார்கள். மன்னர் வந்து மெழுகு மாதிரிகளைப் பார்வையிட்டுச் சரி சொன்ன பிறகுதான் அவை ரஷ்யாவுக்குப் போய், தகுந்த கல்லைத் தேடிப் பிடித்துச் செதுக்கும் வேலை ஆரம்பித்தது. பந்தயக் குதிரைக்கு மட்டும் கல்லுக்குப் பதில் வெள்ளி.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து மண் பூசிப் பஞ்சலோகம் வார்ப்பதும், நம் ஃபவுண்டரியில் மரத்தில் பேட்டர்ன் செய்வதும் அடிப்படையில் இதே புத்திதான். மலிவான பொருளில் தப்பு செய்துகொள், விலை உயர்ந்த பொருளில் தப்பு செய்யாதே! நம் ப்ராஜெக்ட்டில் முதலில் அட்டையும் தெர்மாகோலும், பிறகு பிளைவுட், கடைசியில் ஜி.ஐ. ஷீட் என்று போகிறோமே, அது நேரத்தை வீணாக்குவது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மெழுகு சூட்டில் விரியும் விதம் வேறு, தங்கம் விரியும் விதம் வேறு. ஃபாபெர்ஜேயின் எனாமல் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எனாமல் என்பது பொடித்த கண்ணாடி. உலோகத் தகட்டில் முதலில் ஒரு வகை லேத்தில் அலை அலையாகக் கோலம் கீறுவார்கள். அதன்மேல் எனாமல் பூசி, 700 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு வரை உலையில் சுடுவார்கள். ஒரு பூச்சு அல்ல, ஐந்து ஆறு பூச்சு! ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு சூடு. கண்ணாடியும் உலோகமும் ஒரே அளவு விரியாது. கணக்குத் தப்பினால் ஆறும்போது விரிசல் விடும், தகடு கோணிக்கொள்ளும். இதற்காகவே தகட்டின் பின்பக்கமும் எனாமல் பூசுவது தொழில் வழக்கம். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் தகடு நேராக நிற்கும். அப்ளைடு மெக்கானிக்ஸில் நாம் படிக்கிற அதே பாடம்தான், இல்லையா?

பற்றவைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. அதிக சூட்டில் உருகும் பற்று முதலில், குறைந்த சூட்டில் உருகுவது கடைசியில். வரிசை மாறினால் இரண்டாவது இணைப்பைப் பற்றவைக்கும்போது முதல் இணைப்பு கழன்று விழும். இந்தச் சூடு எல்லாம் மெழுகு மாதிரியில் தெரியுமா? தெரியாது. அதனால் எனாமல் நிறங்களுக்குத் தனியாகச் சிறு சிறு மாதிரித் தகடுகள் சுட்டு வைத்திருந்தார்கள். 140க்கும் மேற்பட்ட நிறங்கள்! வடிவத்துக்கு ஒரு மாதிரி, நிறத்துக்கு ஒரு மாதிரி. எந்த மாதிரி எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்து செய்ததுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

நம் ஊர்ப் பக்கம் வந்த இளவரசர்

இந்த முட்டைக் கதையில் நம் மெட்ராஸுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1890இல் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸ் கிழக்கு நாடுகளுக்குக் கடல் பயணம் புறப்பட்டார். பாமியாத் அசோவா என்ற போர்க்கப்பலில் பம்பாய் வந்து இறங்கி, இந்தியாவைச் சுற்றி, சென்னை வந்து, பிறகு இலங்கை போய் அப்படியே ஜப்பான் வரை சென்றார். மகன் பயணத்தில் இருக்கும்போது 1891 ஈஸ்டருக்கு அரசிக்குக் கிடைத்த முட்டையைத் திறந்தால் உள்ளே அந்தக் கப்பல்! முட்டை பச்சைக் கல்லைக் குடைந்து செய்தது, நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். உள்ளே தங்கத்திலும் பிளாட்டினத்திலும் கப்பல், பாய்மரக் கயிறு, பீரங்கி, நங்கூரச் சங்கிலி எல்லாம் உண்டு. கடல் தண்ணீருக்கு ஒரு அக்வாமரைன் கல் தகடு.

1897 முட்டைக்குள் முடிசூட்டு விழாவின் தங்கக் கோச்சு வண்டி. பத்து சென்டிமீட்டருக்கும் குறைந்த அந்த வண்டியைச் செய்ய ஜார்ஜ் ஸ்டைன் என்ற கைவினைஞர் சுமார் 15 மாதம் உழைத்தார். 1900இல் சைபீரிய ரயில் முட்டை. அதற்குள் சாவி கொடுத்தால் ஓடுகிற குட்டி ரயில்! அந்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இவற்றைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது.

யார் கைவண்ணம்?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த முட்டைகளில் எதையும் ஃபாபெர்ஜே தன் கையால் கடைந்து செய்யவில்லை. யோசனை, வடிவம், மேற்பார்வை, கடைசித் தீர்ப்பு இவைதான் அவருடையவை. சரியில்லாத பொருளைப் பட்டறையிலேயே சுத்தியலால் அடித்து நொறுக்கிவிடுவார் என்று சொல்வார்கள். கைவேலை மற்றவர்களுடையது. முதல் முட்டை எரிக் கொலின் பட்டறையில் உருவானது. அவருக்குப் பின் தலைமைக் கைவினைஞராக வந்த மிகாயில் பெர்கின் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கப்பல் முட்டையும் ரயில் முட்டையும் அவர் பட்டறையில் பிறந்தவை. 1903இல் அவர் இறந்த பிறகு ஃபின்லாந்துக்காரரான ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம் பொறுப்பேற்றார்.

கம்பெனியில் 500 பேர் வரை வேலை செய்தார்கள். மாஸ்கோ, ஒடெஸ்ஸா, கீவ், லண்டன் என்று கிளைகள். ஆனால் ஒரு நல்ல வழக்கம்: பட்டறைத் தலைவரின் பெயர் எழுத்துகளைப் பொருளில் முத்திரை குத்துவார்கள். முதலாளி பெயருக்குப் பக்கத்தில் தொழிலாளி பெயர்! ஆனால் அந்தத் தலைவருக்குக் கீழே உழைத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு பெண்ணின் பெயர் மட்டும் நன்றாகவே நிற்கிறது. அல்மா பில். இருபதுகளின் நடுவில் இருந்த அந்த இளம் டிசைனர், பட்டறை ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருப்பதைப் பார்த்தார். அதுவே டிசைன்! அந்த யோசனையில் பிறந்ததுதான் 1913இன் குளிர்கால முட்டை. பளிங்குக் கல்லைக் கண்ணாடிபோல மெல்லியதாகக் குடைந்து, பனிப் பூக்களைப் பிளாட்டினத்திலும் வைரத்திலும் பதித்தார்கள். உள்ளே ஒரு பூக்கூடை. இந்த முட்டை 2025 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் சுமார் 2.29 கோடி பவுண்டுக்குப் போனது. அல்மா பில்லோ, புரட்சிக்குப் பிறகு ஃபின்லாந்தில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராகவே காலத்தைக் கழித்தார்.

தங்கம் போய் இரும்பு வந்தது

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. தொழிலாளர்கள் பலர் போர்முனைக்குப் போனார்கள். தங்கம் கிடைக்கவில்லை. நகைப் பட்டறையில் கையெறி குண்டும் பீரங்கிக் குண்டு உறையும் செய்ய ஆரம்பித்தார்கள். பித்தளையிலும் செம்பிலும் கிண்ணங்கள் செய்தார்கள். 1916 ஈஸ்டருக்கு வந்த முட்டை எஃகு முட்டை! நான்கு சிறிய பீரங்கிக் குண்டுகள் அதைத் தாங்கி நிற்கும். 1917க்குத் தயாரான முட்டை மரத்தால் ஆனது. கரேலியா பகுதியின் பிர்ச் மரம். இன்னொன்று நீலக் கண்ணாடியில். அது பாதியில் நின்றுபோனது.

பொருள் மாறியது. கை மாறவில்லை. எஃகையும் மரத்தையும் அதே நுணுக்கத்தோடுதான் இழைத்தார்கள். ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. 1917 மார்ச் மாதம் ஜார் பதவி துறந்தார். தலைநகரில் ரொட்டிக்காக மக்கள் குளிரில் கியூவில் நின்ற காலம் அது. ஒரே குடும்பத்துக்காக ஆண்டுக்கு இரண்டு முட்டை என்று இத்தனை திறமையும் செலவானது நியாயமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழும். எழவும் வேண்டும். திறமை யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் கைத்தொழில் படிக்கிறவன் யோசிக்கத்தான் வேண்டும்.

1918இல் போல்ஷ்விக் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. எழுபத்திரண்டு வயதில் ஃபாபெர்ஜே நாட்டை விட்டு வெளியேறினார். பட்டறை இல்லாத ஃபாபெர்ஜேக்கு வாழ்க்கை ஓடவில்லை. 1920 செப்டம்பர் 24ஆம் தேதி ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

எடைக்குப் போக இருந்த முட்டை

கதை இதோடு முடியவில்லை. சோவியத் அரசு பணத் தேவைக்காகப் பல முட்டைகளை வெளிநாட்டுக்கு விற்றது. பத்து முட்டைகள் மட்டும் மாஸ்கோ கிரெம்ளினில் தங்கின. சில காணாமலே போயின.

அதில் ஒன்று 1887ஆம் ஆண்டு முட்டை. உள்ளே ஒரு கைக்கடிகார அளவுக் கடிகாரம். அமெரிக்காவில் பழைய சாமான் சந்தையில் ஒரு ஸ்கிராப் வியாபாரி அதைச் சுமார் 14,000 டாலருக்கு வாங்கினார். எதற்கு? உருக்கித் தங்கமாக விற்க! ஆனால் தங்கத்தின் எடைக்கு அந்த விலை கட்டுப்படி ஆகவில்லை, வாங்க வந்தவர்கள் குறைத்துக் கேட்டார்கள். அதனால் சில ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் கடிகாரத்தில் இருந்த பெயரை வைத்து இணையத்தில் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. 2014இல் செய்தி வெளியானபோது அதன் மதிப்பு சுமார் 2 கோடி பவுண்டு இருக்கும் என்றார்கள். லாபம் கிடைக்காததால்தான் அது உலையிலிருந்து தப்பித்தது!

நண்பர்களே, எடைக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நாளை நாமும் திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்டிலோ, கும்மிடிப்பூண்டியிலோ ஏதோ ஒரு பட்டறையில் நிற்போம். நம் கையில் தங்கம் கிடைக்காது. மைல்டு ஸ்டீலும் அலுமினியமும்தான் கிடைக்கும். பரவாயில்லை. ஃபாபெர்ஜே பட்டறைக்குக் கடைசியில் கிடைத்ததும் எஃகும் மரமும்தான். முதலில் வரைவோம். மலிவான பொருளில் செய்து பார்ப்போம். பிரிப்போம், திருத்துவோம். மூடி சரியாக மூடும்வரை, கீல் சத்தம் இல்லாமல் திரும்பும்வரை விடக் கூடாது. செய்து முடித்த பொருள் எடைக்குப் போகாத அளவுக்குச் செய்வோம்.

உழைக்கும் கைகள் ஓங்குக! டிப்ளமோ மாணவர் ஒற்றுமை வளர்க!